இருபதாவது புழு

"பத்தொன்பது!" என்று அவர் கத்தியபோது குரலில் கவலை இல்லை, ஆசைதான் இருந்தது.

பத்துச் செடியில் இருபது புழு தேறினால்தான் மருந்தடிக்கலாம். வேளாண் அதிகாரியம்மா சொன்ன கணக்கு அது. மனைவி அதைச் சட்டமாக்கிவிட்டாள்.

அவருக்கோ கை துறுதுறுத்தது. எறும்பு ஊர்ந்தாலே தெளிப்பானைத் தூக்குகிற ஆள் என்று தெருவே அவருக்குப் 'புகைமூட்டம்' எனப் பெயர் வைத்திருந்தது. இன்றும் தொட்டி நிறைய மருந்தைக் கலந்து வரப்பில் வைத்துவிட்டுத்தான் கொண்டைக்கடலைக்குள் இறங்கியிருந்தார்.

மனைவி வயல் நடுவே குச்சிகள் நட்டுப் பறவைகள் உட்கார இடம் செய்திருந்தாள். ஆண் அந்துப்பூச்சிகளை வாசனை காட்டி இழுக்கும் பொறி வேறு.

"குருவிக்கு நாற்காலி, பூச்சிக்கு சென்ட்டு. எனக்குத்தான் ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்தபடி பத்தாவது செடியைப் புரட்டினார்.

இருந்தது! கொழுத்த காய்ப்புழு.

புழு கிடைத்ததற்கு இப்படிப் பூரித்துப்போன விவசாயி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தொட்டார். நகரவில்லை. பின்னங்காலால் இலையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. உடல் கறுத்துக் கொழகொழத்திருந்தது.

எண்ணி முடித்த செடிகளைத் திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் எண்ணியதில் பாதி இதே தொங்கல்தான்.

புழுவுக்கு மட்டும் நோய் தரும் கரைசல் ஒன்றை அதிகாரியம்மா கொடுத்திருந்தார். அடித்தால் வேலை செய்ய நாலைந்து நாளாகும். ஆனால் யார் அடித்தது?

மனைவி அடுத்த வரிசையில் குனிந்திருந்தாள். சேலை விலகிய தோளில், தெளிப்பானின் வார் அழுத்திய தடம் கன்றிப்போயிருந்தது.

நாலு நாளுக்கு முன்பு, மாலையில் அவர் வீட்டில் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். போன பருவத்தில் இதே வயலில் மருந்து நெடி தலைக்கேறி விழுந்து, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தவர் அவர்.

இனித் தெளிப்பானைத் தொடவே கூடாது என்று அப்போதே டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதை மனைவியிடம் மறைத்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையைத் தாண்டி அவளருகே போனார். பிறகு வள்ளென்று விழுந்தார்.

"தோளுக்குத் துண்டு வெச்சுக்கிட்டுல்ல மாட்டணும்? இதுகூடவா தெரியாது உனக்கு?"