பக்கம் 63-இல் உள்ள பொருள்

கண்ணாடித் தட்டிலிருந்து படலம் பாதி உரிந்துவிட்டது. மீதியும் விரிசல் இல்லாமல் வந்தால் கலைமதிக்கு டாக்டர் பட்டம். உடைந்தால் இன்னும் ஒரு வருடம்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த பேராசிரியர் விருத்தாசலம் நேற்றுப் போட்ட நிபந்தனை இது. ஆய்வேட்டில் எழுதியதைத் தன் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும்.

திண்டிவனத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அவள் மூன்று வருடமாகச் செய்தது இதுதான். பாலிமர் சங்கிலியில் அமீன் என்கிற வேதிப்பொருளைக் கோர்த்து, மெல்லிய படலமாக ஊற்றுவாள். சாண எரிவாயுவை அதன்மேல் செலுத்தினால் கரியமிலவாயு ஊடுருவிப் போய்விடும். எரிகிற மீத்தேன் இந்தப் பக்கமே நிற்கும்.

ஒரே தொல்லை, காய்ந்ததும் அப்பளமாக நொறுங்கும்.

அப்படி நாற்பது நொறுங்கின. ஆய்வேட்டின் அறுபத்துமூன்றாம் பக்கத்தில் உள்ள பொருளைக் கரைசலில் கலந்த பிறகுதான் நாற்பத்தொன்றாவது வளைந்தது.

அந்தப் பொருளின் வேதிப்பெயர் எண்ணும் கோடும் அடைப்புக்குறியுமாக ஒரு வரி முழுக்க ஓடும்.

நேற்று விருத்தாசலம் அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இருபது வருஷமா இதுல வேலை பார்க்கிறேன். ஜெர்மனியிலதான் கிடைக்கும். மூச்சுல பட்டா நுரையீரல் போயிடும்."

கலைமதி வாயைத் திறந்தாள். வழிகாட்டி ஜெசிந்தா மேடம் அவள் காலை மிதித்தார்.

விருத்தாசலம் இரண்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் கவனித்தார். கூட்டிப் பெருக்கும் வீரம்மாளுக்கும் கையுறை மாட்டவைத்தார். ஊற்றிய படலத்தை உலர்பெட்டியில் வைத்துப் பூட்டியதும், சாவியை வாங்கிக்கொண்டு விழுப்புரம் லாட்ஜுக்குப் போனார்.

இன்றைக்கும் அதே கதவு. அதே இரண்டு மாஸ்க்.

கலைமதி கடைசி ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தாள்.

முழுசாக வந்தது. இரண்டாக மடித்துக் காட்டினாள். நாலாகவும் மடித்தாள். உடையவில்லை.

விருத்தாசலம் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாட்டிலில் மிச்சமிருப்பதை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டும் வரை வீரம்மாள் பாட்டிலும் கையுமாக நின்றார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இதப் போயி பொதைக்கச் சொல்லிட்டுப் போறாரே பாப்பா. அந்த சாரு கோயில் பக்கமே போனதில்லியா?"

கையுறையை உருவிப் போட்டார். பாட்டிலிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, வாசல் பிள்ளையார் முன்னால் பூசைத் தட்டில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார்.

எரிகிற சூடத்தைத் தட்டோடு தூக்கி வந்து, தொட்டுக் கும்பிடச் சொல்லிப் புது டாக்டரம்மாவிடம் நீட்டினார்.