நீலப்பெட்டி மறைத்த சூடு

ஓர் அலுவலகத்தின் கணினி அறையில், தகவல்களைச் சேமித்து வைக்கும் இரண்டு பெட்டிகள் இருந்தன. பழைய சாம்பல் பெட்டிக்கு நாளுக்கொரு கோளாறு. பராமரிக்கும் சகாயமேரி தினமும் வந்து, "இன்னிக்கு என்னடா உனக்கு?" என்று தட்டிக்கொடுத்துச் சரிசெய்வாள். புது நீலப்பெட்டியோ, வரப்போகும் கோளாறை முன்கூட்டியே கண்டு, தன்னைச் செய்த கம்பெனிக்குத் தானே சொல்லிவிடும். அவர்கள் தொலைவிலிருந்தே சரிசெய்துவிடுவார்கள். சகாயமேரி அதன் பக்கம் திரும்பியதே இல்லை.

நீலப்பெட்டிக்கு வயிறு எரிந்தது. "தினம் படுத்துறவனுக்குத்தான் பாசம் போல!" என்றது.

"உன்னை நம்பித்தான் அவ நிம்மதியா தூங்குறா. அந்தப் பேறு எனக்கு வாய்க்கலையே!" என்றது சாம்பல் பெட்டி.

நீலப்பெட்டி அதை நம்பவில்லை. ஒருநாள் காலை அதன் டிஸ்க்குகள் சூடேறின. அது யாரிடமும் மூச்சுவிடவில்லை. மதியத்துக்குள் டிஸ்க்குகள் பழுதாகி, அலுவலக வேலை மொத்தமும் நின்றது.

சகாயமேரி ஓடிவந்து அதன்மேல் கை வைத்தாள். "இது சொல்லிடும்னு இருந்துட்டேன் சார்" என்று மேலாளரிடம் அழுதாள்.

புது டிஸ்க்குகள் வந்தன. அன்றுமுதல் அவள் தினமும் நீலப்பெட்டியிடம் வந்தாள். 'எல்லாம் நலம்' என்று அது காட்டியதை நம்பாமல், ஒவ்வொரு டிஸ்க்காகச் சோதித்துவிட்டுப் போனாள்.