தப்புப் பண்ண ஓர் இடம்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொன்ன வாய் கோணிப் போகட்டும். பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் பவுலிங் கூடத்தின் கோடித் தடத்தில் தையல்காரம்மா கடைசிப் பந்தை மார்போடு அணைத்து நிற்கிறாள். இதில் பத்துக் கட்டையும் விழாவிட்டால் அணியில் அவளுடைய இடம் நாத்தனாருக்குப் போய்விடும். முறிந்து கூடிய மணிக்கட்டு நடுங்குகிறது. நடுங்கும் என்று தெரிந்துதான், சாயங்காலம் முழுக்க வலது ஓரத்திலேயே உருட்டி உருட்டி, தடத்துப் பலகையில் வழுக்குவதற்காகப் பூசிய எண்ணெயைப் பந்தாலேயே துடைத்தெடுத்திருக்கிறாள். இனி கை தவறிப் பந்து அந்தப் பக்கம் ஓடினாலும் காய்ந்த பலகை அதைப் பிடித்து நடுவுக்குத் திருப்பிவிடும். விளக்கொளியில் அவள் கண்ணுக்கு அந்த ஓரம் மட்டும் பளபளப்பில்லாமல் கிடக்கிறது. அந்த அகலத்தில் ஓர் ஆள் பாய் விரித்துப் படுக்கலாம். "நேராப் போட வராதவங்களுக்குத்தான் அண்ணி இந்த வித்தையெல்லாம்" என்கிறாள் நாத்தனார், சிப்ஸை மென்றபடி. "ஆமாடி, வராதுதான். தப்புப் பண்ணவும் இடம் போட்டு வச்சிருக்கேன். நீ தள்ளி நில்லு." பந்து கையிலிருந்து நழுவி, தடத்தின் வலது ஓரப் பள்ளத்தின் விளிம்புவரை ஓடுகிறது. நாத்தனாரின் வாய் மெல்லுவதை நிறுத்துகிறது. அடுப்பை அணைக்காத ஞாபகம் வந்தவளைப்போல் பந்து சட்டென்று திரும்பி நடுவுக்குப் பாய்கிறது. பத்துக் கட்டையும் இடி இடித்தாற்போல் சரிகின்றன. "இடம் இருந்துச்சா, இல்லையா?" தையல்காரம்மா யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைக்கிறாள்.

எண்ணெய் பூசும் இயந்திரம் பழுதாகி, அந்தத் தடத்தில் ஒரு மாதமாகச் சொட்டு எண்ணெய்கூடக் கிடையாது; அவள் துடைத்தெடுக்க அங்கே ஒன்றுமே இருந்ததில்லை.