மூன்று தட்டு

மூன்றாம் மாடி அறையில் அமலதாஸ் ஹோஸ் பிடித்துச் சுவருக்குச் சாந்து பீய்ச்சிக்கொண்டிருந்தான். கீழே, கலவையை ஹோஸ் வழியே மேலே தள்ளும் மெஷினின் சுவிட்சருகே அவன் மனைவி ஞானசெல்வி. இரைச்சலில் குரல் எட்டாது என்பதால் ஜன்னலோரச் சாரத்தின் இரும்புக் கம்பத்தில் அவன் தட்டுவான். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும், மூன்று தட்டினால் ஓட்ட வேண்டும். அவளுடைய இடது கை எப்போதும் அந்தக் கம்பத்தின் மேல்தான் இருக்கும்.

இரண்டு தட்டு வந்தது. நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டு வந்தது. அவள் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"என்னம்மா, மூணு தட்டிட்டான்ல? போடு. கலவை இறுகிடப்போவுது," என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி.

"அவரு தட்டுனா சீரா இருக்கும்ண்ணே. இது எதையோ ஒதறுற மாதிரி இருக்கு. பாத்துட்டு வந்துர்றேன், தொட்டுறாதீங்க."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது மறுபடியும் மூன்று தட்டு கேட்டது.

ஹோஸின் பித்தளை முனையைச் சாரத்தில் அடித்து, உள்ளே அடைத்திருந்த கட்டியை உதிர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான் அமலதாஸ். உதிரவில்லை. அவள் வாசலுக்கு வந்தபோது, முனையை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

கீழே மெஷின் இரைந்தது. அவள் காலடியில் தளர்ந்து கிடந்த ஹோஸ் விறைத்தது.