கறையான் அறுத்த உத்திரம்

"கறையான்! கறையான்! இருபத்திரண்டு வருஷமா இதே பாட்டு! ஒரு மருந்து வைக்கத் துப்பில்லே, இவன் வீட்டைக் காப்பாத்தறானாம்!"

அண்ணன்காரர் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தம்பிக்காரன் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி பெண்டாட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துகிற மச்சாண்டார் மேல் பாதி, வாயே திறக்காத புருஷன் மேல் மீதி. கல்லுளிமங்கன்! என்ன ஜென்மமோ!

அது மாமனார் கட்டின மர வீடு. பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. குடியிருப்பது தம்பி மட்டும்தான். படுக்கையறைத் தரை உள்வாங்கி, கால் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது. பழுது பார்த்து இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. இடித்துவிட்டு மாடி வீடு எழுப்ப வேண்டும் என்று அண்ணனுக்குப் பிடிவாதம். தரையைப் பிரித்து அஸ்திவாரத்தைப் பார்ப்பது, தேறினால் செப்பனிடுவது, தேறாவிட்டால் இடிப்பது என்று கடைசியில் பேசி முடித்திருந்தார்கள்.

அதற்குத்தான் ஆசாரி எட்டுத் தரைப் பலகைகளைப் பெயர்த்துவிட்டு, டார்ச் லைட்டோடு தரைக்கு அடியில் இறங்கியிருந்தார்.

"வாய்ல என்ன, பூட்டா போட்டிருக்கு?" அவள் புருஷன் காதருகில் சீறினாள். "ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா என்னவாம்? எங்க அப்பாவை யாராவது இப்படிப் பேசியிருக்க முடியுமா? அவர் ஆம்பளை!"

"விடேன்."

"விடேன், விடேன்! குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்தான், தெரிஞ்சுக்குங்க."



தலையெல்லாம் ஒட்டடையோடு ஆசாரி மேலே வந்தார்.

"நல்ல சேதிங்கய்யா. பன்னிரண்டு கல் தூணும் ஜம்முனு நிக்குது. கறையான் அரிச்ச தடம் எங்கேயும் இல்லை."

"அப்போ தரை ஏன்யா இறங்குச்சு?"

"தரையைத் தாங்கற உத்திரத்துல நாலைக் காணோம். அந்த இடத்துல செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கு. செங்கல் மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு, தரையும் கூடவே இறங்கிடுச்சு."

"காணோமா?" என்றார் அண்ணன். "கறையான் தின்னிருக்கும்."

ஆசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரம்பம் பிடிக்கற கறையானை நான் பார்த்ததில்லைங்க. நூல் போட்ட மாதிரி நேரா அறுத்திருக்கு."

அண்ணன் மெல்லத் திரும்பினார்.

"எவன்டா அறுத்தது?"

"நான்தாண்ணே."

"எதுக்கு?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"வித்துத் தின்னியாடா?"

"ஆமாண்ணே. வித்துட்டேன்."

"அடப்பாவி! பெத்தவர் கட்டின வீட்டுலேயே கன்னம் வச்சிருக்கியே! பழியைப் பூச்சி மேல போட்டு இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கே!"

"நாலு உத்திரம் மாத்தினாப் போதுங்கய்யா, இன்னும் ஐம்பது வருஷம்..." என்று ஆசாரி ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருய்யா! திருடனுக்கு எதுக்கு வீடு? இடிக்கத்தான் போறேன். டேய், மாசக் கடைசிக்குள்ள மூட்டையைக் கட்டு!"

அண்ணன் விடுவிடுவென்று போய்விட்டார். நமக்கேன் வம்பு என்று ஆசாரி மறுபடி குழிக்குள் இறங்கினார்.

இனி அவளை யார் பிடிப்பது?

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துக்கிட்டு, நிக்கற தரைக்கு அடியிலேயே ரம்பம் போட்டிருக்கீங்களே! இப்ப தெருவுல நிக்கப் போறோம், திருப்திதானே? தூ! எங்க அப்பா மட்டும் உயிரோட இருந்திருந்தா உங்க மூஞ்சியிலேயே முழிச்சிருக்க மாட்டார். யார்கிட்ட வித்தீங்க? சொல்லுங்க! அவன் சட்டையைப் பிடிச்சு நாலையும் நானே திருப்பி வாங்கிட்டு வர்றேன்!"

அவன் வாசலை எட்டிப் பார்த்தான். அண்ணன் தெருமுனை தாண்டியாயிற்று. கிட்டே வந்தான்.

"விக்கலை."

"பின்னே?"

"நம்ம கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கறப்போ உங்க அப்பா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். 'மாப்ளே, ஒரு கட்டில் வாங்கிக் கொடுக்கக்கூட எனக்கு வக்கில்லை. வெறுங்கையோட வந்தா என் பொண்ணு உங்க வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?'ன்னார். நாலு உத்திரத்தை அறுத்து நான்தான் அவர் வீட்டுக்கு அனுப்பினேன். அது கட்டிலாத் திரும்பி வந்துச்சு."

"எங்க அப்பாவா?" அவள் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது.

அவன் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தான்.

"மெதுவாப் பேசு. ஆசாரி காதுல விழுந்தா உங்க அப்பா பேரு என்னாகறது?"