எட்டடி மருமகள்

தோசைத் தட்டை முக்காலியில் வைத்து, மூங்கில் கம்பால் அதை மாமியார் பக்கம் தள்ளினாள் ரூபினி. தள்ளிய வேகத்தில் சட்னி பாதி தரைக்குப் போனது.

"நாய்க்குக்கூட இப்படி வைக்கமாட்டாங்க லா!" என்றாள் இராசம்மா.

ரூபினி வாசல்வரை பின்வாங்கினாள்.

இராசம்மாவுக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை முடிந்து, கதிரியக்க அயோடின் மாத்திரையும் விழுங்கி வீடு திரும்பிப் பத்து நாளாகிறது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து அதிகம், தைப்பூசம் என்று மாத்திரைக்கு இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டவளை, இந்த முறை விரட்டாத குறையாக அனுப்பி வைத்ததே ரூபினிதான்.

வீடு திரும்பிய அன்றே மகன் புனிதன் விளக்கியிருந்தான். "அதுல ரெண்டு கதிர் இருக்கும்மா. பீட்டா உள்ளயே நின்னு மிச்சம் மீதி நோயக் கருக்கிடும். காமாதான் உடம்பத் தாண்டி வெளிய வரும். பெரியவங்க நாலு நாள் தள்ளி இருந்தா போதும். சின்னப் பிள்ளைங்க, புள்ளத்தாச்சிங்க மூணு வாரம். ஒனக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி. டாய்லெட்டுல ரெண்டு தடவ தண்ணி விடணும், மறந்துடாத."

ஐந்தாம் நாளே புனிதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அடுத்த வீட்டு வேலாயி கட்டிப்பிடித்து அழுதுகூட விட்டாள். மருமகள் மட்டும் எட்டடி தள்ளியே நின்றாள். ராத்திரிப் படுக்கையும் வேலாயி வீட்டில்தான்.

தோட்டத்து லயத்து வீடுகளின் வாய் சும்மா இருக்குமா? "டவுன்ல படிச்ச பொண்ணு, அருவருப்புலா" என்று கொழுந்து மலைவரை பேச்சு ஏறிவிட்டது. இராசம்மாவுக்கு நோயைவிட அதுதான் வலித்தது. பெண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்த மகள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் அவள்.

இன்று பொறுக்க முடியவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணு, நீ என் பக்கத்துல ஒக்காந்து சாப்புடு. இல்ல, நான் கோலா தெர்லாவுல தங்கச்சி வீட்டுக்கே போயிடறேன்!" என்று மருமகளை நோக்கி நடந்தாள்.

"அத்தை, அங்கயே நில்லுங்க!" ரூபினி கம்பைக் குறுக்கே நீட்டினாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. "முன்னாடியே சொல்லியிருந்தா இந்தத் தடவையும் தேதியத் தள்ளிப் போட்டிருப்பீங்க. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அப்புறம், ஒங்க பக்கத்துல ஒக்காந்தே சொல்லலாம்னு காத்திருந்தேன்."

"என்னத்தடி சொல்லல?"

"எனக்கு ரெண்டு மாசம், அத்தை."