வாசல் ஆணி

மாஸ்க் இல்லாத ஆளை உள்ளே விட்டால் அபராதம் என்று அதிகாரிகள் மிரட்டிவிட்டுப் போன அன்றே, மளிகைக்கடை அண்ணாச்சி வாசல் ஆணியில் ஒரு துணி மாஸ்க்கைத் தொங்கவிட்டார். தெருவுக்கே அந்த ஒன்றுதான். வருகிறவர்கள் அதைத் தாடையில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வந்ததும் திரும்ப ஆணியில் மாட்டுவார்கள். செல்லக்கனியின் புருஷன் தவசிமுத்து, மூக்குப்பொடி போட்ட மூக்கை அதிலேயே துடைத்துவிட்டு மாட்டுவார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை, முகத்தைக்கூடக் காட்டாமல் பொட்டலமாகக் கட்டி எரித்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் செல்லக்கனி உப்பு வாங்க வந்தாள். மாஸ்க்கை எடுத்து மாட்டும்போதே பொடி வாசம் அடித்தது. அப்படியே நின்றுவிட்டாள். தாடையில் கிடந்ததை மேலே இழுத்து, மூக்கும் வாயும் மூட, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த மாஸ்க்கை அவ்வளவு ஒழுங்காகப் போட்டவர் தெருவில் வேறு யாருமில்லை.

“என்ன வேணும் மதினி?” என்றார் அண்ணாச்சி.

சொல்வதற்குக் கையை எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை.

பின்னால் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், நிறைமாத வயிற்றோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள்.

“யக்கா, வாங்கியாச்சுன்னா கழட்டித் தாங்க. நானும் உள்ள போணும்லா.”